ஆற்றுக்குத் திறக்கும் வால்வு

— அப்ப என்னப் பாவி எண்டு என்ட மகளுக்குப் படிச்சுக் குடுத்தது நீங்கதான், பிறிஜெற் மிஸ்?

— கொஞ்சம் பொறுங்கோ ஹியூபேட். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில நான் ஒருத்தரின்ர பேரையும் சொல்லேல்ல. கடவுள் தந்த ஆத்தைப் பழுதாக்கிறதும் பாவம்தான் எண்டு சொன்னனான். அவ்வளவுதான்.

— பாருங்க மிஸ், பேர் சொல்லத் தேவையில்ல. சாமினிக்குப் பதினாலு வயசு. என்ட நகத்தப் பாத்தே புடிச்சிட்டா.

— நகத்தையோ?

— போன மாசம் வகுப்புப் பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு வத்தளைக்குப் போனீங்களே, ஆத்தங்கரைக்கு.

— ஓம். குப்பை பொறுக்கிப்போட்டு, கரையில நிண்டு செபம் சொன்னம்.

— அண்டைக்குத் தண்ணி நீலமா ஓடிச்சாம். வீட்டுக்கு வந்து என்ட கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தா. நகத்துக்குள்ளயும் அதே நீலம். நான் சாய ஃபாக்டரியில வேல செய்றது அவவுக்குத் தெரியும். "டடா, சாயத் தண்ணிய ஆத்துக்குள்ள விடுறது ஆரு?" எண்டு கேட்டா.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— பொய் சொல்ல வாய் வரேல்ல. நான்தான் எண்டேன். மழ பெய்யக்குள்ள மனேஜர் சொல்லுவார், நான் வால்வத் திறப்பேன். மழத் தண்ணியோட போனா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க.

— கடவுளே. பிள்ளை கோவிச்சவளோ?

— சண்ட போட்டாச் சமாளிக்கலாம் மிஸ். அவ சண்டயும் போடேல்ல. ராவுல செபமாலை சொல்லக்குள்ள ஒரு தேவ இரகசியத்த, அந்தப் பத்து மணிச் செபத்தையும், ஆத்துக்காக ஒப்புக்குடுக்கிறா. நானும் பக்கத்துல முழங்கால்ல நிண்டு மறுமொழி சொல்லணும்.

— நீங்களும் முழங்காலிலயோ?

— சிரிக்கிறீங்களா?

— இல்ல ஹியூபேட். சத்தியமா இல்ல.

— அப்ப ஒரு உதவி செய்யுங்க. நீங்க சொன்னா அவ கேப்பா. "டடா சொன்ன வேலையத்தான் செய்றார், அது பாவமில்ல" எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க.

— நான் சொன்னா அவள் நம்பிப்போடுவாள். அதுதான் எனக்குப் பயம்.

— உங்களுக்கு லேசு. ரெண்டு பிள்ளைகள வச்சிக்கொண்டு, இந்த வயசுல நான் எங்க போய் வேல தேடுறது?

— லேசில்ல ஹியூபேட். கோயில் வளவில மரம் நடுங்கோ, பிளாஸ்டிக் போத்தல் கொண்டுவராதேங்கோ எண்டு சொல்லிக் குடுக்கேக்க, இந்தப் பாடம் ஒருத்தரின்ர வீட்டுக்குள்ள போய் இப்பிடி நிக்கும் எண்டு நான் யோசிக்கேல்ல.

— யோசிச்சிருக்கணும்.

— ஓம். யோசிச்சிருக்க வேணும்தான்.

— அப்ப பாடத்த நிப்பாட்டுவீங்களா?

— மாட்டன்.

— பாருங்க மிஸ், நான் கெஞ்சிக் கேக்கிறேன்.

— எனக்கு விளங்குது. ஃபாதரோட கதைப்பம். உங்கட பேர் வராமல் கோயிலால ஒரு முறைப்பாடு குடுக்கலாம்.

— அங்க அந்த வால்வுல கை வைக்கிறது நான் மட்டுந்தான். பேர் வராட்டியும் மனேஜருக்கு விளங்கும்.

— அப்ப சாமினியோட நானே கதைக்கிறன். பாவமில்ல எண்டு மட்டும் சொல்ல மாட்டன். ஆனா, கேட்ட உடனே அப்பா உண்மையைச் சொன்னவர், அப்பிடிச் சொல்ல எல்லாருக்கும் தைரியம் வராது எண்டு சொல்லுவன். அவள் உங்களை வெறுக்கேல்ல ஹியூபேட். வெறுத்தா உங்களுக்குப் பக்கத்தில முழங்கால்ல நிக்க மாட்டாள்.

— அப்பிடியா நினைக்கிறீங்க?

— ஓம். அதுசரி, இண்டைக்கு வேலை நாளெல்லோ? ஃபாக்டரியில இல்லாமல் இந்த நேரத்தில இங்க கொட்டாஞ்சேனையில நிக்கிறீங்கள்?

— காலையில மழ பெஞ்சிச்சு. திறக்கச் சொல்லி மனேஜர் வந்தார். ஏலாது எண்டேன். ஃபாக்டரி அடையாள அட்டைய அவர்ட மேசையில வச்சிட்டு, நேரா உங்கட்டத்தான் வாறேன். பாவமில்ல எண்டு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இப்பவே திரும்பிப் போய் அத எடுத்திருப்பேன்.