யோசிக்கும் பெட்டி

தகரத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் பெட்டியைத் தகரத்தில் செய்தேன். பலகை என்றால் இடுக்கு விடும். உள்ளே ஆள் இருப்பது தெரிந்துபோகும்.

நான் காஜா பேராங் வட்டாரத்தில் கடைப் பலகை எழுதுகிறவன். வெள்ளைக்காரன் ஊரில் யோசிக்கிற யந்திரம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டதிலிருந்து காப்பிக்கடையில் வேறு பேச்சே இல்லை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கிய கையோடு இவர்கள் யந்திரத்தைக் கும்பிடக் கிளம்பிவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் கேட்கிற ஜனமா? செய்துதான் காட்ட வேண்டும். யந்திரம் மாதிரி ஒரு பெட்டி. கேள்வி கேட்டால், ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. ஆட்டம் முடிகிறபோது கதவைத் திறந்து, இத்தனை நேரம் யோசித்தது என் மனைவி தனலட்சுமி என்று காட்டுவேன். அந்தக் கதவு திறப்பதுதான் என் கலை. மற்றதெல்லாம் வெறும் பெயின்ட்.

அவளுக்கு இளைப்பு உண்டு. "உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்குங்க. ரெண்டு ஓட்டை போடுங்களேன்" என்றாள்.

"ஓட்டை போட்டா குட்டு வெளிப்பட்டுரும். முடியலன்னா மூணு தட்டு தட்டு, உடனே திறந்துர்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கதவை வெளியே பூட்டினேன்.

திடலில் நல்ல கூட்டம். தெங்கேராவிலிருந்துகூட வந்திருந்தார்கள். அடுத்த தெரு பாக்கியலட்சுமி முன்னால் வந்தாள். அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துப் போனான்; ஆள் திரும்பவே இல்லை. "எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரா?" என்று பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூன்று தட்டு வந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"யந்திரம் யோசிக்குது" என்றேன்.

மறுபடி மூன்று. பிறகு கணக்கில்லாமல் தட்டல். ஜனம் மூச்சுவிடாமல் நின்று கேட்டது. என் வேலையை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை, ஐயா. இன்னும் கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். தட்டல் மெதுவாகி நின்றது. வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டது. "இருக்காரு" என்று பாக்கியலட்சுமி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் திறந்தேன். தனம் முன்பக்கமாகச் சரிந்தாள். பொம்மை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவளை நினைத்து நேற்று உங்கள் முன்னால் அழுதேன். அது பொய்யில்லை. பூட்டு இறுகிவிட்டது என்று நேற்று நான் சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. சாவி என் கையிலேயே இருந்தது. பெட்டிக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று அந்தத் திடலில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.