பலாமரத்தை மிரட்ட ரெண்டு பேர் வேணும்

பொன்னாயி: நா அருவாள ஓங்குவேன். நீ ஓடியாந்து கையப் புடிச்சுக்கோணும். அவ்வளவுதான் உன்ற வேலை.

செல்வமேரி: ஏனுங்க்கா, பக்கத்துப் பக்கத்து ஊட்டுல இருந்துக்கிட்டு நாலு மாசமாப் பேச்சில்ல. இன்னிக்கு வாசல்ல வந்து நின்னு "வா செல்வமேரி"ன்னீங்களே... இதுக்குத்தானா?

பொன்னாயி: வேற எதுக்கு? காய்க்காத மரத்த வெட்டப் போறேன்னு ஒருத்தி மிரட்டோணும். வேண்டாம், அடுத்த வருசம் காய்க்கும்னு இன்னொருத்தி கெஞ்சோணும். அப்பத்தான் மரத்துக்குப் பயம் வரும்.

செல்வமேரி: அண்ணனக் கெஞ்சச் சொல்றது.

பொன்னாயி: உங்கண்ணனா? நேத்துச் சொல்லிப் பாத்தேன். நா அருவாள ஓங்கறேன்... அந்த மனுசன், "அடியோட வெட்டு, வெறகுக்கு ஆவும்"ங்கறாரு.

செல்வமேரி: தெருவுல வேற ஆளே இல்லீங்களா?

பொன்னாயி: கன்னு குடுத்தவ கெஞ்சினாத்தான் பலிக்கும். கொல்லிமலைக்குப் போயி வாங்கியாந்தவ நீதானே. தேனாட்டம் இருக்கும்னவளும் நீதான்.

செல்வமேரி: அந்தக் கன்னப் பத்தித்தானே நாலு மாசத்துக்கு முன்னால மாவு மில்லுல வெச்சு...

பொன்னாயி: மொதல்ல மரத்தப் பாப்போம்.

செல்வமேரி: ...அத்தன பேரு முன்னால, "செல்வமேரி குடுத்தது ஆட்டுக்குத் தழை ஒடிக்கத்தான் ஆவும்"னீங்க.

பொன்னாயி: ஆடு நல்லாத் தின்னுச்சுன்னும் சொன்னேன். அத உட்டுட்டியே.

செல்வமேரி: அது சரி. அருவா மொண்ணைதானுங்களே?

பொன்னாயி: நேத்துத்தான் சாணை புடிச்சேன். மொண்ணை அருவாளுக்கு எந்த மரம் பயப்படும்? நில்லு... ஓங்கிட்டேன். ஏ மரமே, ஏழு வருசமாத் தண்ணி குடிக்கறே, கோழி எரு திங்கறே. ஒரு காயி உண்டா? இன்னிக்கு உன்னைய உடறதில்ல... ஏம்புள்ள நிக்கறே? கை வலிக்குது.

செல்வமேரி: வேண்டாங்க்கா. உட்ருங்க.

பொன்னாயி: இதென்ன, ரேசன் கடையில பாமாயில் கேக்கறவளாட்ட? மனசு உருகற மாதிரிச் சொல்லு.

செல்வமேரி: உட்ருங்க்கா. நல்ல மரந்தான். மனசுல ஒண்ணும் கெடையாது. வாய்தான் கொஞ்சம் துடுக்கு.

பொன்னாயி: மரத்துக்கேது வாயி?

செல்வமேரி: கெஞ்சறவ நானு. குறுக்க பேசாதீங்க... ஆள் கண்டா அடங்காது, ஒரு பேச்சு பேசிப் போட்டுது. அப்பறம் தெருவுல எதுக்கால வந்தாக்கூடத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சு. தப்புன்னு தெரியுது, கூப்பிடத்தான் வாய் வரல. பாவம், இந்த ஒரு தரம் மன்னிச்சு உடுங்க.

பொன்னாயி: அருவா கனக்குது புள்ள.

செல்வமேரி: என்னக்கா, கை எறங்குது?

பொன்னாயி: அந்த மரத்துக்கும் நாலு மாசமாச் சோறு எறங்கல புள்ள.

செல்வமேரி: மரம் சோறு வேற திங்குதுங்களா?

பொன்னாயி: சிரிக்காத. அடுத்த வருசம் காய்க்கும்னு நீ இன்னும் சொல்லல.

செல்வமேரி: காய்க்கும், காய்க்கும். போதுங்களா?

பொன்னாயி: ஒண்ணு சொல்லுவேன். திட்டக் கூடாது.

செல்வமேரி: சொல்லுங்க.

பொன்னாயி: அது... காய்ச்சிருச்சு. தூருல ரெண்டு பிஞ்சு உட்டிருக்குது. சருகு போட்டு மூடி வெச்சிருக்கேன். உன்ற மரம் காய்ச்சிருச்சு வான்னு கூப்பிட்டா நா தோத்த மாதிரி ஆயிருமில்ல... அதான், மிரட்டறதுக்குக் கூப்பிட்டேன்.

செல்வமேரி: ரெண்டில்லீங்க்கா, மூணு. மரத்துக்கும் எங்கூட்டுச் செவுத்துக்கும் எடையில ஒண்ணு இருக்குது. நீங்கதான் எங்க பக்கம் திரும்பறதே இல்லியே. நா மாடியில துணி காயப் போடறப்பெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... இந்தக்கா எதையாச்சும் சொல்லி எப்பக் கூப்பிடும்னு.