சட்டைப் பையில் புத்தூர் சீட்டு

– புடவை மாத்த இன்னும் எத்தனை நாழி, வைஜயந்தி? பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். வீரமலை ஆட்டோவை வாசல்ல நிறுத்திக் கால் மணி ஆச்சு.

– நிக்கட்டும். மொதல்ல நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை புத்தூருக்கு எதுக்குப் போனேள்?

– யாரு, நானா?

– நீங்களேதான். தோய்க்கப் போட்ட சட்டைப் பையில ஆஸ்பத்திரி சீட்டு. பராசரன், வயசு ஐம்பத்தாறுன்னு போட்டிருக்கு. என் மார்பைப் புதுசாப் பண்ணப்போற டாக்டர்கிட்ட உங்களுக்கு என்ன ஜோலி?

– மெதுவாப் பேசேன். வாசல்ல மனுஷா இருக்கா.

– நீங்க கதவுக்கு அந்தண்டை நின்னா நான் கத்தித்தான் ஆகணும். உறையூர் நாச்சியாரைப் பார்த்துட்டு வந்த நம்ம கோவில் பெருமாளுக்கே தாயார் கதவைச் சாத்தினா. நீங்க புத்தூர் போயிட்டு வந்திருக்கேள்.

– அவருக்குத் தாயார் கையால வாழை மட்டையடியோட போச்சு. எனக்கு விசாரணைக் கமிஷன்னா நடக்கறது!

– பேச்சை மாத்தாதீங்கோ. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேளா?

– சேச்சே.

– கட்டியோட மார்பையும் எடுத்து மூணு வருஷம் ஆச்சு. ரவிக்கைக்குள்ள பஞ்சை வெச்சுண்டு நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா? பெருமாளும் தாயாரும் சேர்ந்து இருக்கற சேர்த்தி சேவிக்கப் போன கூட்டத்துல அது நழுவித் தோளுக்கு ஏறிடுத்து. பெருமாளைச் சேவிக்கறதா, பஞ்சைத் தேடறதா? இன்னிக்குக் கையெழுத்துப் போடணும். உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியாம நான் போடமாட்டேன்.

– சார்! அம்மா ரெடிங்களா? பாலத்துல இப்பவே ஜாம் ஆயிருக்கும்ங்க.

– இதோ, அஞ்சு நிமிஷம் வீரமலை!

– மெதுவாவே வாங்க சார். பேசி முடிச்சிட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க.

– கேட்டியா வைஜு? மானம் போறது.

– போகட்டும். நீங்க சொல்லுங்கோ.

– சரி, சொல்றேன். சிரிக்கப்படாது.

– அதை நான் தீர்மானம் பண்ணிக்கறேன்.

– வயித்துச் சதையை எடுத்துத்தான் பண்றது வழக்கம், உனக்கு அங்க போதாது, முதுகுலேர்ந்து எடுக்கணும்னு போன தடவை டாக்டர் சொன்னாரோன்னோ? அன்னிலேர்ந்து எனக்குச் சாதமே எறங்கலை.

– நேத்திக்கு அக்காரவடிசல் மூணு தரம் கேட்டு வாங்கிண்டேளே?

– குறுக்கே பேசாதே. உனக்கு வயித்துல இல்லேன்னா என்ன, எனக்கு இருக்கே! முப்பது வருஷம் நீ தளிகை பண்ணிப் போட்டதெல்லாம் எங்க போச்சு? இங்கதான் பத்திரமா இருக்கு. அதுலேர்ந்து எடுத்துக்கோங்கோன்னு கேக்கப் போனேன்.

– டாக்டர்கிட்டயா?

– பின்னே? பனியனை ஒசத்திக் காட்டினேன்.

– பெருமாளே!

– சிரிக்கப்படாதுன்னேனே. அந்த நர்ஸ் பிரான்சியும் இப்படித்தான், வாயைப் பொத்திண்டு வெளியில ஓடிட்டா.

– டாக்டர் என்ன சொன்னார்?

– நல்ல மனுஷன். சிரிக்கலை. இன்னொருத்தர் சதையை அவங்க உடம்பு ஏத்துக்காது சார்னார். முப்பது வருஷமா என்னையே ஏத்துண்டிருக்கா டாக்டர், கொஞ்சம் பாருங்கோளேன்னேன்.

– ஐயோ, போறும், வயித்தை வலிக்கறது…

– அழறியா என்ன?

– ரெண்டும்தான். ஏன்னா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா? இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு நீங்க நெனக்கறேள்னு நான் குமைஞ்சுண்டிருந்தேன். இந்த மூணு வருஷத்துல ஒரு நாளாவது அந்த இடத்தைப் பார்த்தேளா? வலிக்கறதான்னு தொட்டுக் கேட்டேளா?

– எப்படிக் கேக்கறது? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிலேர்ந்து நீதான் ரூமுக்குள்ள போய்த் தாப்பாளைப் போட்டுண்டு புடவை மாத்தறே. நான் பார்க்கறது உனக்குப் பிடிக்கலையாக்கும்னு தினமும் இந்தண்டையே நின்னுண்டிருக்கேன். எனக்கும் கஷ்டமா இருக்காதா? வைஜு?

– தாப்பாள் போட்டிருக்குன்னு யார் சொன்னா உங்களுக்கு? மூணு வருஷமா வெறுமே சாத்தித்தான் வெச்சிருக்கேன். ஒரு தரமாவது தள்ளிப் பார்த்தேளா?