செல்வியிடம் இருக்கும் நான்காம் துண்டு

ஊத்துக்கோட்டைக்கு ஒரு வாசகர் மன்றம் வேண்டும் என்று ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் உழைக்கும் அவைத்தலைவர் தணிகாசலம் ஐயா அவர்களே! மேடையை மேன்மைப்படுத்தும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரைமனதோடு வந்து, இப்போது முழுமனதோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் தோழர்களே, தோழிகளே! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் பிரிவில் பணிபுரியும் ஈஸ்வரியின் இனிய வணக்கம்!

நாவல்களைப் பற்றிப் பேசம்மா என்றார் தலைவர். நான் பண்டிதையா? இல்லை. பட்டம் பெற்றவளா? இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிக்கிறவள். பஸ் நின்றால் என் படிப்பும் நின்றுவிடும். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் உள்ளிருந்து “சட்னி எங்கே?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை வெல்ல எந்த நாவலாசிரியராலும் முடியாது.

ஆனாலும் எனக்கு அபிப்பிராயம் இல்லையா? நிறைய இருக்கிறது! முந்நூறு பக்கம் அழுகிறாளே நாயகி, அவள் ஒரு வேளையாவது உலை வைத்தாளா? நல்லவளாக ஒருத்தி வந்தாலே நாலாம் அத்தியாயத்தில் அவளுக்குத் தீராத நோய் வருகிறதே, ஏன்? நல்லவர்கள் நல்லபடியாக வாழ்ந்தால் அச்சகத்தில் மை ஒட்டாதா? மழை என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு நனையத் தெரியும். அதை நாலு பக்கத்துக்குப் பெய்ய வைக்க வேண்டுமா? அதனால் மழை வந்தால் நான் பக்கத்தைத் தாண்டிவிடுவேன். மூன்றாம் வரிசை அண்ணன் பலமாகச் சிரிக்கிறார். அவரும் என் கட்சிதான் போலிருக்கிறது.

இப்படித் தாண்டித் தாண்டிப் படிக்கிறவளுக்கு, எழுத்தெண்ணிப் படிக்கிறவள் ஒருத்தி தோழியாக வாய்த்தாள். பெயர் செல்வி. ஒரே பஸ், ஒரே சீட், ஒரே பேக்கிங் டேபிள். இருவருமாகச் சேர்ந்து ஒரு நாவல் வாங்கினோம். தலையணை கனம்! பஸ் குலுங்கும் குலுங்கலில் மணிக்கட்டு விட்டுப்போகும். என்ன செய்தோம் தெரியுமா? அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டரை எடுத்து, நாவலை நான்கு துண்டாக அறுத்தோம்!

தலைவர் ‘ஐயோ’ என்கிறார். ஐயா, எங்கள் புத்தகம், எங்கள் கட்டர், அறுத்தது படிக்கத்தானே? ஒவ்வொரு துண்டையும் பபிள் ஷீட்டில் சுற்றி, பழுப்பு டேப் ஒட்டினோம். தொழில் புத்தி எங்கே போகும்? இருவரும் படித்து முடித்த பிறகே அடுத்த துண்டின் டேப்பைக் கிழிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

அந்த நாவலில் ஒருத்தியின் புருஷன் சொல்லாமல் ஓடிப்போகிறான். பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அங்கே முடிந்தது மூன்றாம் துண்டு. திறப்பாள் என்றேன் நான். மாட்டாள் என்றாள் செல்வி. அதுதான் முன்னாடியே புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாளே என்றாள். எந்தத் தாழ்ப்பாள்? என் கண்ணில் எந்தத் தாழ்ப்பாளும் படவில்லையே! அப்போது பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “மழையெல்லாம் தாண்டிக் குதிச்சிகினு போறவளுக்குக் கதை இன்னாடி தெரியும்?”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டேன். அந்தச் சண்டை ஆறுவதற்குள் அவளுக்குக் காக்களூரில் வேலை கிடைத்தது. பஸ் மாறியது. அடுத்த துண்டை முதலில் படிப்பது அவள் முறை என்பதால் நான்காம் துண்டும் அவளோடு போனது. போன் இல்லையா என்று கேட்கிறீர்களா அம்மா? இரண்டு பேரிடமும் இருக்கிறது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் இத்தனை மாதமும் போனது.

திருவள்ளூர்ப் புத்தகக் கண்காட்சியில் அதே நாவலைப் பார்த்தேன், புத்தம் புதிதாக, முழுசாக! கையில் எடுத்தேன். கடைசிப் பக்கங்கள் விரலில் தட்டின. கதவு திறந்ததா, திறக்கவில்லையா? புரட்டினால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு? செல்வியிடம் போய்க் கேட்க எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் துண்டை எடுத்தேன். தாண்டிய மழையை ஒரு சொட்டு விடாமல் படித்தேன். கொட்டுகிற மழைக்கு நடுவே, ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை மாற்றத்தான் மாற்றுகிறாள். செல்வி சொன்னது சரி. இருந்தாலும் சொல்கிறேன், போடத் தெரிந்தவளுக்குத் திறக்கத் தெரியாதா?

அன்பு நிறைந்த அவையோரே! நாம் எதற்காகப் படிக்கிறோம்? அறிவு பெறவா? ஆறுதல் பெறவா? அதெல்லாம் உண்டு. ஆனால் படித்து மூடியதும், ‘இன்னாடி இப்படி ஆயிடுச்சு’ என்று தோளை இடித்துக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் இல்லாமல் எனக்கு எந்தக் கதையும் ருசிக்கவில்லை.

ஆளுக்கொரு புத்தகத்தோடு வாருங்கள் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார் தலைவர். கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். செல்வி! உன்னைத்தான் கூப்பிடுகிறேன். நீ இந்நேரம் முடிவைப் படித்திருப்பாய். அதைச் சொல்லாதே. துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வா.

எழுந்துவிட்டாள்! வழி விடுங்கள் தாய்மார்களே. பைக்குள் கைவிடுகிறாள். தலைவரே, இதைப் பாருங்கள்! பபிள் ஷீட் பிரிக்கவில்லை. என் கையால் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது! ஏனடி பிரிக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்கிறாள் தெரியுமா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன்.

“நான் மட்டும் படிச்சிட்டு யார்கூடடி சண்டை போடறது?”

பொறுங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். பேச வந்தது பாதிதான் ஆகியிருக்கிறது; மீதியை மன்னியுங்கள். பேச அழைத்த தலைவருக்கும், சிரித்துக் கேட்ட சபைக்கும், இவளுக்கு வழிவிட்ட தாய்மார்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. கீழே போய் இந்த டேப்பை நாங்கள் இருவரும் சேர்ந்து கிழிக்கப் போகிறோம். மழை வந்தாலும் தாண்ட மாட்டேன். ஆனால் கதவைத் திறப்பாள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். வணக்கம்!