இரண்டு கோடு மருந்து

மாலை ஆறரை மணி. ஏழுக்கு ஊரடங்கு. மலாயாவில் உலு யாம் பக்கம் ஒரு தோட்டச் சாலை... இருபுறமும் ரப்பர் மரங்கள். ஆள் நடமாட்டமே கிடையாது. அதில் துணிமூட்டையோடு தனியாக நடந்தவர், இந்தக் கதையைச் சொன்ன சிவானந்தத்தின் பெரியம்மா நவமணி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டையிட்ட அவசரகாலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருடம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் ஆயா வேலை. அன்றுதான் விரட்டிவிட்டார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் செல்லையாவுக்குத் தொடையில் குண்டு பாய்ந்திருந்தது. கண்ணை மூடினாலே அலறுவார். ஆஸ்பத்திரியை அன்றாடம் கவனித்த மருத்துவ உதவியாளர், டிரெஸ்ஸர் ஹியூபர்ட், தூக்க மருந்து எழுதினார். அளவுக் குவளையில் ஒரு கோடு. குடித்தால் விடியும்வரை நிம்மதி. ஆனால் நாற்றம்... அழுகிய பழமும் ஸ்பிரிட்டும் கலந்த மாதிரி, மறுநாளும் மூச்சில் வீசும்.

முந்தின நாள் சாயங்காலம் செல்லையா சொன்னார்: "நாளைக்கு போலீஸ் வராங்கக்கா. ஆஸ்பத்திரி மருந்த காட்டு ஆளுங்களுக்கு வித்தது யாருன்னு சொல்லிடப் போறேன்."

வாசலில் ஹியூபர்ட் நின்றிருந்தார். சிரித்தார்.

"நவமணி, இன்னைக்கு ரெண்டு கோடு குடு."

"ரெண்டாங்கய்யா?"

"பெரிய டாக்டர் சொல்லிட்டாருலா."

நவமணியின் மகனைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியவர் ஹியூபர்ட். மறுபேச்சு ஏது? நவமணிதான் செல்லையாவின் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தார்.

காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது. ஹியூபர்ட் போலீஸ்காரரிடம், நவமணியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நான் ஒரு கோடுதான் சொன்னேன் சார். இந்தம்மா தப்பா ஊத்திட்டா."

மதியம் செல்லையாவைப் புதைத்தார்கள்.

இப்போது சாலையில்... சரக்... சரக்... பின்னால் ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ நடக்கும் சத்தம். நவமணி நின்றார். சத்தமும் நின்றது. குப்பென்று அந்த மருந்து நாற்றம், பிடரிக்கு மிக அருகில்.

"எத்தன கோடுக்கா சொன்னாரு?"

திரும்பவில்லை. "ரெ... ரெண்டு. சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா..."

சரக்... சரக்... சத்தம் தோட்டத்தை நோக்கித் திரும்பியது.

நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதார் நவமணி. இருட்டியதும் வேறு வழியில்லை. தோட்டத்து வேலிக் கேட்டுக்கே திரும்பி ஓடி வந்தார். காவலுக்கு நின்ற நல்லசாமி டார்ச் அடித்தார்.

"என்னம்மா, வழியில டிரெஸ்ஸர பாக்கலியா? இப்பதான் இந்தப் பக்கமா போனாரு."

"தனியாவா?"

"இல்ல... யாரோ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. மொகம் சரியா தெரியல." நல்லசாமி டார்ச்சை அணைத்தார். "ஆனா டிரெஸ்ஸர நல்லா பாத்தேம்மா. ரெண்டு கண்ணும் மூடியிருந்திச்சு. கொறட்ட விட்டுக்கிட்டே நடந்து போனாரு."