வேதத்தில் இல்லாத ஒரு வரி

இந்த மாலையில் நான் சொல்லப்போவதை நடந்தது நடந்தபடியே சொல்வேன். ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், ஒன்றைக் குறைக்கவும் மாட்டேன். சபை மலரில் அச்சேறும்போதும் அப்படியே பதிவு செய்வேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏன் இப்படிச் சத்தியம் செய்து தொடங்குகிறாள் என்பது போகப்போக உங்களுக்கு விளங்கும்.

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் போதகர் ஐயா அவர்களே, சிறப்பு விருந்தினராய் வந்திருக்கும் எங்கள் பள்ளிக்கூட அதிபர் கனகலிங்கம் ஐயா அவர்களே, சபையின் மூப்பர்களே, வெள்ளிக்கிழமை தோறும் இந்த ஆலயத்தைக் கூட்டிக் கழுவிக் கோலமாய் வைத்திருக்கும் தாய்மாரே, எங்கள் அழைப்பை மதித்து, வீதியின் அந்தப் பக்கத்திலிருந்து திருநீற்று நெற்றியோடு வந்து அமர்ந்திருக்கும் சைவ அன்பர்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் இராசம்மா மாமி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் லவீனாவின் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘வேதத்தைக் கடவுளின் வார்த்தை என்று நம்பலாமா?’ பதினோராம் தரத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய தலைப்பா என்று போன கிழமை ஒரு மூப்பர் கேட்டார். நானும் போதகர் ஐயாவிடம் அதையே கேட்டேன். “பிழை விட்டது நீ, ஆனபடியால் நீயே பேசு” என்றார். என்ன பிழை? அதைத்தான் சொல்ல வந்தேன்.

சபையின் நூற்று எழுபத்தைந்தாம் ஆண்டுக்காக அறுபத்துநான்கு குடும்பங்கள் சேர்ந்து வேதாகமம் முழுவதையும் கையால் எழுதினோம். எங்கெல்லாம் எழுதினோம்! அடுப்படியில் எழுதினோம். கடை மேசையில் எழுதினோம். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்க வரம்பிலே குந்தியிருந்து எழுதியவரும் உண்டு. தீர்க்கதரிசி ஒருவரின் பக்க ஓரத்தில் செம்மண் விரல் அடையாளம் ஒன்று இன்றும் பதிந்திருக்கிறது. எழுதியவருக்குத் தன் பிழை தன் கண்ணில் படாது. ஆகவே ஒரு விதி வைத்தோம்: ஒவ்வொரு பக்கத்தையும் வேறு குடும்பத்தார் மூவர் வாசித்துக் கையெழுத்திட வேண்டும்.

எனக்குக் கிடைத்தது கடவுளை மேய்ப்பனாகப் பாடும் இருபத்துமூன்றாம் சங்கீதம். ஆறே வசனங்கள். தாலாட்டோடு காதில் விழுந்த சங்கீதம். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தேன். ஆனால் அதை ஒருமுறையேனும் பார்த்தேனா என்று கேட்டால், உண்மை சொல்ல வேண்டும், பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? எழுதி முடித்தேன். நிரோஜா ரீச்சர் வாசித்துக் கையெழுத்திட்டார். செயலாளர் ஜெனிஸ்ரன் அண்ணை வாசித்துக் கையெழுத்திட்டார். மூன்றாவது கையெழுத்து யாருடையது? போதகர் ஐயா சிரிக்கிறார். ஆகவே நான் பெயர் சொல்லத் தேவையில்லை.

மூன்று கையெழுத்து விழுந்த அந்தப் பக்கம் என் மேசையில் கிடந்த நாளில், கணக்குப் படிக்க வந்தாள் என் சிநேகிதி கோபிகா, எதிர்வீட்டு நடராசா மாமாவின் மகள்.

“என்னடி உது, சோதினைக்கு எழுதுற மாதிரி எழுதி வைச்சிருக்கிறாய்?”

“வேதமடி. தொடாதை, கையெல்லாம் மாங்காய்.”

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அச்சுப் புத்தகத்தையும் என் பக்கத்தையும் அருகருகே வைத்தாள். கணக்குக்கு விடை சரிபார்ப்பவளைப் போல இரண்டிலும் இரண்டு விரல் வைத்துச் சொல் சொல்லாக இறங்கினாள். நடுவில் ஒரு விரல் நின்றுவிட்டது.

“லவீனா, இதிலை ஒரு வரி பிழை.”

“விட்டிட்டனோ?”

“விடேல்லை. கூட எழுதியிருக்கிறாய். புத்தகத்திலை இந்த வரியே இல்லை.”

“உனக்கென்னடி தெரியும் எங்கடை வேதம்?”

“ஒண்டும் தெரியாது. அதாலைதான் பாத்து வாசிக்கிறன். நீங்கள் எல்லாரும் பாக்காமல் சொல்லுறியள்.”

அவையோரே, அந்த வரி எது? இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கைப் பற்றிய வசனம் முடிந்தவுடன் நாம் எல்லோரும் சொல்லும் வரி. ‘எங்கள் வீட்டு வாசலிலே எங்களை மறுபடியும் நிறுத்துவீர்.’ ஒவ்வொரு மாலையும் குடும்ப ஜெபத்தில் நாம் சொல்லும் வரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சொல்லும் வரி.

பின்வரிசையில் யாரோ “இல்லையோ?” என்று கேட்கிறீர்கள். இல்லை. “இருக்கு பிள்ளை” என்று இன்னொருவர் சொல்கிறீர்கள். இல்லை ஐயா. நானும் அப்படித்தான் அடித்துச் சொன்னேன். அம்மாவின் கலியாணத்துக்குக் கொடுத்த புத்தகத்தைத் திறந்தேன். இல்லை. ஆலயத்தின் பெரிய புத்தகத்தைத் திறந்தேன். இல்லை. கனடாவிலிருக்கும் என் சித்தியிடம் அவருடைய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டுச் சித்தி சொன்னார்: “இதிலை ஒரு வரி விட்டு அடிச்சிருக்கிறாங்கள், பிள்ளை. அச்சுப் பிழை போலை.”

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஒரு கிராமம் முழுவதும், போதகர் முதல் பாலர் வரை, தன்னை அறியாமலே வேதத்துக்குள் ஒரு வரியைச் சேர்க்க முடியுமென்றால், இத்தனை நூற்றாண்டுகளில் எத்தனை கைகள் எத்தனை வரிகளைச் சேர்த்திருக்கும்? எது கடவுள் சொன்னது, எது நாம் சொன்னது? அந்தப் பின்னேரம் அம்மா அவித்து வைத்த புட்டு ஆறிப்போய்க் கிடந்தது.

போதகர் ஐயாவிடம் போனேன். பக்கத்தை இரண்டு முறை பார்த்தார். நாற்காலியில் மெல்ல இருந்தார். “எனக்கு அப்ப பதினொரு வயது. தென்மராட்சியிலை, அகதி முகாமிலை, ஐசாக் உபதேசியாற்றை வாயாலை கேட்டது” என்றார். “இராசம்மா மாமியிட்டைப் போ.”

போனேன். எங்கள் சபையில் வேதம் சொல்லிக்கொடுத்த ஐசாக் உபதேசியார் இறந்து ஒன்பது ஆண்டுகள். அவர் மனைவி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“ஆர் கண்டுபிடிச்சது?”

“கோபிகா, மாமி.”

“நடராசான்ரை பெட்டையோ? எங்கடை ஆக்கள் கண்டிருக்கமாட்டினம்.” கொஞ்ச நேரம் மிளகாயைக் கிளறினார். “முப்பது வருசமா இதுக்குத்தான் பயந்துகொண்டு இருந்தனான்.”

அவர் அனுமதி தந்ததால் சொல்கிறேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி. வலிகாமம் முழுவதும் போரினால் இடம்பெயர்ந்து மழையில் வீதியில் நின்ற நாட்கள். ஆட்கள் அரிசி எடுத்தார்கள், பாய் எடுத்தார்கள். உபதேசியார் ஆலயத்தின் பெரிய புத்தகத்தை உரப்பையில் சுற்றித் தலையில் எடுத்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மண்ணெண்ணெய் இல்லை. இருள் விழும் நேரம் பிள்ளைகள் தொடங்கும்: “எப்ப வீட்டை போறது? எப்ப வீட்டை போறது?” உபதேசியார் புத்தகத்தை மடியில் விரித்தார். எழுத்துத் தெரியாத இருட்டு. மனப்பாடமாய்ச் சொன்னார். பள்ளத்தாக்கு என்ற இடத்தில் நிறுத்தினார். மறுபடி தொடங்கியபோது அந்த வரி வந்தது. நூறு பேர் ஆமென் என்றார்கள். மறுநாள் அவர் அதை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். இருட்டிலிருந்து ஒரு பெண் குரல் எடுத்துக் கொடுத்தது: “உபதேசியார், ஒரு வரி விட்டிட்டியள்.”

அன்றோடு அது அவர் கையை விட்டுப் போயிற்று.

மார்கழியில் ஒரு நான்கு வயதுப் பிள்ளை காய்ச்சலில் போயிற்று. தாய் வந்து உபதேசியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “திரும்ப வாசலிலை நிறுத்துவன் எண்டு வேதம் சொல்லிச்சுதே ஐயா. என்ரை பிள்ளைக்கு ஏன் நிறுத்தேல்லை?”

“அவர் என்ன சொன்னார், மாமி?”

“என்னத்தைச் சொல்லுறது? என்னட்டை வந்துதான் சொன்னார், ‘நான் கடவுள்டை வாயிலை என்ரை சொல்லை வைச்சிட்டன், இராசம்மா.’ மற்றச் சனம் அந்த வரியைப் பிடிச்சுக்கொண்டுதான் உயிரோடை இருந்தது. அதைப் பறிக்கவும் மனமில்லை. அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் அந்த இடம் வந்தா அவற்றை வாய் திறக்காது. நீங்கள் எல்லாரும் சத்தமாச் சொல்லேக்கை ஆர் கவனிச்சது?”

“அப்பிடியே விடலாம் எண்டு ரெண்டு மூப்பர்மார் சொல்லினம், மாமி. முப்பது வருசமாச் சொல்லுறதுதானே எண்டு.”

“விட்டா, அந்த மனிசனை இன்னும் நூறு வருசத்துக்கு வாய்மூட வைக்கிறியள்.” பிறகு சொன்னார்: “எடுத்துப்போடு, பிள்ளை. ஆனால் களவாய் எடுக்காதை. சொல்லிப்போட்டு எடு.”

அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன். புதிய பக்கத்தை இன்று காலை, அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு விரல் என்னுடையது, மற்ற விரல் கோபிகாவுடையது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம்பலாமா? என் பயத்துக்கு என் பிழையே பதில் சொன்னது. ஓர் ஊர் முழுவதும் தவறியது. ஆனால் உலகம் முழுவதும் தவறவில்லை. நம்முடைய வரி அம்மாவின் புத்தகத்துக்குள் நுழைய முடிந்ததா? ஆலயப் புத்தகத்துக்குள் நுழைய முடிந்ததா? கடல் கடந்த சித்தியின் புத்தகத்துக்குள் நுழைய முடிந்ததா? ஒரு கை சறுக்கினால் ஓராயிரம் கை சாட்சி நிற்கிறது. வேதம் ஒருவர் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டியிருந்தால் பூச்சி அரித்திருக்கும். புழங்கும் கைகள் பலவானதால் பிழை மறைய இடமில்லை. முப்பது ஆண்டு மறைந்திருந்த வரியை ஒரு மாலை வேளையில் ஒரு பிள்ளையின் விரல் பிடித்தது.

இதைச் சொன்னபோது கோபிகா விட்டாளா? “எழுத்துச் சரி எண்டு காட்டிப்போட்டாய். சொன்னது கடவுள் எண்டு எப்பிடியடி காட்டுவாய்?” என்றாள். நடராசா மாமா, உங்கள் மகள் சட்டம் படிக்கட்டும்.

அவளுக்கு என்னால் கணக்குப்போல் நிறுவிக் காட்ட முடியவில்லை. முடியும் என்று இங்கே சொன்னால் அது இன்னொரு கூடுதல் வரியாகிவிடும். ஆனால் நான் கண்ட ஒன்றைச் சொல்ல முடியும். அந்தப் பக்கத்தை வரிவரியாகப் பார்த்து எழுதியபோது அதைக் கண்டேன். மனிதர்களாகிய நாம் எழுதினால் என்ன எழுதுவோம்? வீட்டுக்குப் போவோம் என்று எழுதுவோம். வாசலில் நிற்போம் என்று எழுதுவோம். நாம் விரும்புவதை எழுதுவோம். நம்மிடம் விட்டபோது நாம் எழுதியதும் அதைத்தானே? ஆனால் அந்தச் சங்கீதம் அதைத் தரவில்லை. பள்ளத்தாக்கு இல்லை என்று சொல்லவில்லை. வீடு திரும்புவாய் என்று நாள் குறிக்கவில்லை. இருட்டிலும் உன்னோடு இருப்பேன் என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நம் ஆசைக்கு வளையாத அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உபதேசியாரின் வரி, வீடு திரும்பியவர்களுக்கு மட்டுமே உண்மையாயிற்று. வேதத்தின் வரி, திரும்பாத அந்தப் பிள்ளைக்கும் உண்மையாய் இருந்தது. அந்தத் தாய்க்கும் உண்மையாய் இருந்தது. மிளகாய் காயும் முற்றத்தில் தனியே இருக்கும் இராசம்மா மாமிக்கும் உண்மையாய் இருக்கிறது. இதை உணர்ந்த நேரத்தில், நான் எழுதிக்கொண்டிருப்பது என்னைவிடப் பெரியது, எங்கள் ஊரைவிடப் பெரியது, எங்கள் கண்ணீரைவிடவும் பெரியது என்று அறிந்து பேனையை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். நான் நம்புகிறேன், அவையோரே. முன்பைவிடப் பயத்தோடு நம்புகிறேன்.

அப்படியானால் உபதேசியாரின் வரி பொய்யா? இல்லை. வேதம் கடவுள் நமக்குச் சொன்னது. அந்த வரி நாம் கடவுளிடம் கேட்டது. கேட்டதைச் சொன்னதாக மாற்றியதுதான் நம் பிழை.

இன்னும் சிறிது நேரத்தில், முகாம் நாளின் நினைவாக ஆண்டுதோறும் செய்வதுபோல், விளக்குகளை அணைத்து இருட்டில் அந்தச் சங்கீதத்தைச் சொல்வோம். அந்த இடம் வரும்போது ஒரு மூச்சளவு மௌனமாய் இருப்போம். உபதேசியார் இருபது ஆண்டுக்கு மேல் தனியாய்க் காத்த மௌனம் அது. இன்று அவரோடு சேர்ந்து காப்போம். வாசலில் நிறுத்தும்படி கேட்பதை, சங்கீதம் முடிந்த பிறகு நம் ஜெபமாகக் கேட்போம்.

இராசம்மா மாமி, இது என் பழைய பக்கம். மூன்று கையெழுத்தோடு இருக்கிறது. இது உங்களுக்குரியது.

பிழை விட்ட பிள்ளைக்கு மேடை தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், விரல் வைத்த என் சிநேகிதிக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.

சபை மலருக்கான பதிவு: நான் மேடையிலிருந்து இறங்கிப் பக்கத்தைக் கொடுத்தேன். இராசம்மா மாமி அதை வாசிக்கவில்லை. நான்காய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். விளக்கை அணைப்பதற்கு, அந்தப் பொறுப்பிலிருந்த அனோஜன் அண்ணை எழுந்தார். மாமி அவரைக் கையால் இருத்திவிட்டுத் தானே சுவரோரம் நடந்தார். விளக்குகளைத் தன் கையாலேயே அணைத்தார்.