ஒரே ஒரு மறுப்பு

காய்ந்த பிஸ்கட் வைத்தால் கூட்டம் சீக்கிரம் முடியும். பல குழுக்களைக் கூட்டி நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் குழுவுக்கு மட்டும் நல்ல பிஸ்கட்டாகவே வாங்கினேன். அவ்வளவு பொறுமையாக இருந்தேன்.

கொடிய கிருமியை யாராவது தூளாக்கி ஒரு கட்டடத்தின் காற்றில் தூவிவிட்டால், கருவி எப்போது மணியடிக்க வேண்டும், அடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியை எழுதுவது எங்கள் வேலை. ஆய்வகத்தார், தீயணைப்புக்காரர்கள், மருத்துவர்கள், அஞ்சல்துறையினர் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விதி இல்லை.

அந்த ஒருவன் என் மனைவியின் தம்பி. கடிதங்களைப் பிரித்து அனுப்பும் கூடத்தில் பாதுகாப்பு அதிகாரி. அவனைக் குழுவில் சேர்த்ததே நான்தான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை.

மணியடித்ததும் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது என் வரைவு. ஆய்வகம் உறுதி செய்த பிறகு வெளியேறினால் போதும் என்பது அவன் கட்சி. அந்தக் கிருமிக்கு மண்ணில் சாதுவான பங்காளிகள் உண்டு. அஞ்சல் மூட்டையில் ஒட்டிவரும் புழுதியில் அவையும் வரும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது, உண்மைதான்.

"உங்க அழுமூஞ்சி எறும்பு தும்மினாக்கூட ஊரைக் கூட்டுது அத்தான்," என்பான். கருவிக்கு அவன் வைத்த பெயர் அது. கூட்டமே சிரிக்கும். "வெயில்ல நின்னாச்சு, மழையில நின்னாச்சு. இனிமே நிஜமாவே புலி வந்தாலும் எங்க ஆளுங்க எழுந்திருக்க மாட்டாங்க."

"வந்துட்டா?"

"வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவன். நான் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உயிருள்ள கிருமியை வைத்திருக்கும் அறைக்குள் போக எனக்கு அனுமதி உண்டு. கொஞ்சம் எடுத்து ஒரு கடித உறையில் போட்டேன். மறுநாள் காலை, தம்பிக்கு என் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையோடு அந்தக் கூடத்துக்குப் போனேன். காவலாளி, "அக்கா கைச் சாப்பாடா? குடுத்து வெச்சவரு சார்," என்றார். பையை அவன் மேசையில் வைத்தேன். உறையைக் கடிதங்கள் ஓடும் பட்டையில் வைத்தேன்.

கருவி தவறவில்லை. இதை நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கு உடனே எரிந்திருக்கிறது. பார்த்த ஒருவர், "அழுமூஞ்சி கண்ணைக் கசக்குது," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாராம். அவரும் இப்போது இல்லை. அவனும் இல்லை. இன்னும் சிலரும்.

என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள். கொல்ல நினைத்தவன் கருவி இல்லாத ரயில் நிலையத்துக்குப் போயிருப்பான். கருவி இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தவன் நான். எழுந்து வெளியே போயிருந்தால் எல்லோரும் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் வரைவை வாசித்து, "மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். விதி நிறைவேறியது. இனி அதனால் பிழைக்கப்போகிறவர்களை யார் கணக்கில் எழுதுவீர்கள்? என் மனைவி என்னோடு பேசுவதில்லை. துக்கம் ஆறியதும் அவளுக்குப் புரியும். இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தாலும் இதையேதான் செய்வேன்.

மணி ஏன் ஒலிக்கவில்லை என்கிறீர்கள். அதன் வாயில் அவன் துணியைத் திணித்திருந்தான். அதற்கும் நான்தான் பொறுப்பா?

எனக்கு எப்போது தெரியும் என்றா கேட்டீர்கள்?

முந்தின நாள். எங்கள் வீட்டில், சாப்பிடும்போது. "அழுமூஞ்சி வாயில என் பழைய பனியனைத் திணிச்சிட்டேன்க்கா. பச்சப்புள்ள மாதிரி தூங்குது," என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்து, "என்ன அத்தான், கோவம் இல்லையா?" என்றான்.

இல்லை என்றேன். எங்களுக்குள் மறுப்பே இல்லாமல் போனது அன்றுதான்.